பட்டன் தேயாத டயர்

அருவங்காட்டு குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஷண்முகப்ரியாவுக்கு என்ன குறை என்று. கணவன் சரத்துக்கு ஃபேக்டரியில் வேலை. மகள் மனிஷா எட்டாவது படிக்கிறாள். போதாததற்கு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பழைய மாருதி 800. ஊர் வாய்க்கு இவ்வளவு போதும்.

அந்தக் காரைத்தான் அவளால் எடுக்க முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தூறலில், வெலிங்டன் பக்கத்து வளைவில் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்காமல் வழுக்கிப் போய் ஓரத்துச் சாக்கடையில் இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஓடி வந்த சரத் திட்டவும் இல்லை. "உம்மேல தப்பில்ல பிரியா. டயர் செத்துப்போச்சு. மாத்தினதுக்கப்பறம் நீ எடுத்துக்கலாம்" என்றான். திட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அன்பாகப் பேசுகிறவனோடு எந்தப் பக்கம் நின்று சண்டை போடுவது?

அந்த அப்புறம் வரவே இல்லை. கேட்டபோதெல்லாம், "இந்த சைஸ் இப்ப வர்றதில்ல, சொல்லி வெச்சிருக்கேன்" என்பான். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் அவனே ஓட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய் வருவான். அவன் ஓட்டினால் மட்டும் அந்த டயர் வழுக்காது. மற்ற நாளெல்லாம் கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது, அவள் வீட்டுக்குள் கிடந்தாள்.

ஒன்றரை வருடம் முன்பு, கட்டபெட்டில் ஒரு டாக்டர் தன் கிளினிக்குக்கு லேப் டெக்னீஷியன் வேண்டும் என்று கூப்பிட்டார். அவள் படித்த படிப்பு, கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் பார்த்த வேலை. காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் குன்னூரில் மாறி ஒன்பதரை ஆகிவிடும். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் அதுவரை உட்கார்ந்திருக்க மாட்டார்கள். "டயர் வரட்டும், போலாம்" என்றான் சரத். டயர் வருவதற்குள் வேறொரு பெண் வந்துவிட்டாள். இப்போது அந்தப் பெண் கல்யாணமாகிப் போக, டாக்டர் மறுபடி கூப்பிட்டார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வாங்க. இல்லீன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை சரத் வேலைக்குப் போனதும் அவள் தார்ப்பாயை உருவினாள்.

குன்னூர் வரைக்கும் முதல் கியரிலும் இரண்டாவதிலுமே ஓட்டினாள். ரோடு ஈரம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் ஏதேதோ திட்டினான். கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஸ்டீயரிங்கிலிருந்து விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

டயர் கடை ஹபீப் முகமதுவுடையது. குனிந்து டயரின் வரிமேடுகளைத் தடவிப் பார்த்தவர், "பட்டனெல்லாம் அப்படியே இருக்கேம்மா" என்றார். பிறகு சாவி முனையால் ரப்பரை அழுத்தினார். கல்லில் அழுத்தியது போல இருந்தது. பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைத் துடைத்துக் காட்டினார். "3712. ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல முப்பத்தேழாவது வாரம் செஞ்சது. ஓடாமயே கெழடாயிருச்சு. பாக்கத்தான் புதுசு, ஈரத்துல புடிக்காது."

ஆக, டயர் விஷயத்தில் சரத் சொன்னது உண்மைதான். பொய் சொல்லியிருந்தால் என்றைக்கோ பிடித்திருப்பாள்.

"இந்த சைஸ் வர்றதே இல்லீன்னாங்களே பாய்?"

"ஏன் வராது? எப்பவும் இருக்குமே!"

அவர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்று கெட்டி ரப்பர், வருடக்கணக்காகத் தேயாது, சமவெளிக்காரர்கள் கேட்டு வாங்குவது. இன்னொன்று மெத்து ரப்பர், சீக்கிரம் தேயும், ஆனால் மழையில் ரோட்டைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "தேஞ்சா தேயட்டுமுங்க. புடிக்கிறதே குடுங்க" என்றாள்.

பில் போட வண்டி நம்பரைப் பார்த்த ஹபீப் முகமது பேனாவைக் கீழே வைத்தார். "அட, இது சரத் சார் வண்டியில்ல? உங்களுதுதான் உள்ளயே இருக்கேம்மா!"

கிடங்கிலிருந்து நாலு டயர் வந்தது. தூசி படிந்திருந்தது. அதே மெத்து ரப்பர். ஒன்றில் ரசீது சொருகியிருந்தது: சரத், அருவங்காடு. தேதியைப் பார்த்தாள். டாக்டர் முதல் தடவை கூப்பிட்ட அதே வாரம்.

"ஊட்ல ஓட்டுவாங்க, இருக்கறதுலயே நல்ல புடிமானமா குடுங்கன்னு சார்தான் வாங்கினாரு. வண்டியைக் கொண்டாறேன், நான் சொல்றப்ப மாட்டுங்கன்னாரு. அப்பறம் வரவே இல்ல."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். இவள் வெண்ணெய் இன்னொருவர் கிடங்கில் பூட்டிக் கிடந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. மட்டமான டயரை வாங்கிப் போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பாள். அவளுக்காகவே நல்லதாகப் பார்த்து வாங்கி, அவளிடமிருந்தே ஒளித்து வைத்திருக்கிறான்.

"மாட்டிருங்க பாய்."

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அவர் மூன்று தடவை போன் அடித்தார். ஃபேக்டரிக்குள் போன் கொண்டு போக விடமாட்டார்கள். அது ஃபேக்டரி வாசலில் ஒப்படைத்த இடத்திலேயே அடித்து ஓய்ந்தது. "சாயந்தரம் சார் கூட வந்துருங்களேன்" என்றார் ஹபீப் முகமது, சங்கடத்தோடு.

வெளியே மழை வலுத்திருந்தது. ஷண்முகப்ரியா அவர் முகத்தையே பார்த்தாள். "ரப்பர் செத்துப்போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? இதே டயரோட இந்த மழைல என்னை அனுப்பி வெப்பீங்களா?"

அவர் மழையைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். பிறகு ஜாக்கியை எடுத்தார்.

மாட்டி முடித்து, வழக்கப்படி ரசீதில் மீட்டர் எண்ணையும் குறித்துக் கொடுத்தார்: 61240. "ஒரு நூறு கிலோமீட்டருக்குப் பாத்துப் போங்கம்மா. புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும், அது போனாத்தான் நல்லாப் புடிக்கும்."

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கட்டபெட்டுக்குப் போனாள். கிளினிக் முன்னால் திருப்பிக்கொண்டு குன்னூர் வந்தாள். மறுபடி போனாள். முதல் தடவை ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்கினாள். மூன்றாவது தடவை டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வழி தெரியலீங்களா?" என்றார். "தெரியுதுங்க" என்றாள். நாலாவது தடவை மூன்றாவது கியரில் போனாள்.

சாயந்தரம் சரத் வந்தான். வாசலிலேயே நின்று டயரைத் தொட்டுப் பார்த்தான். ஃபேக்டரி வாசலில் அடித்து ஓய்ந்த போனைப் பார்த்து ஹபீப் முகமதுவிடம் பேசியிருக்க வேண்டும். உள்ளே வந்தவன் முகத்தில் கோபமில்லை.

"மாத்திட்டியா? நல்லதாப் போச்சு." ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "ஆனா புது டயர் மொதல்ல வழுக்கும் பிரியா. நூறு கிலோமீட்டராவது ஓடணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் ஓட்டித் தேச்சுத் தர்றேன். ஒரு மாசம் பொறு. டாக்டர்ட்ட நானே பேசறேன்."

பழைய டயர் பிடிக்காது, புது டயர் வழுக்கும். இதற்கு நடுவில் ஒரு டயர் உலகத்தில் இல்லவே இல்லை போலும். மூன்று வருடமும் மூச்சை அடைத்தது இந்தக் குரல்தான், இந்தப் பதமான, அக்கறையான குரல்.

அவள் ரசீதை நீட்டினாள். "இதுல மீட்டர் எழுதியிருக்குதுங்க. போயிப் பாத்துட்டு வாங்க."

போனான். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"நூத்திப் பதினாலு ஓடியிருக்கு."

"ஆமாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே நீ?"

"நீங்க ஒன்றரை வருசம் சொல்லல. நான் ஒரு மத்தியானம் சொல்லல."

சரத் நாற்காலியில் உட்கார்ந்தான். புதிதாக ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னான். "நான் வர்றப்ப ஊடு பூட்டிக் கெடக்குமேன்னு இருந்துச்சு பிரியா. அந்தச் சாக்கடைல உன்னைப் பாத்ததுலிருந்து அந்த நெனப்புதான்."

"இத்தன நாளும் பூட்டித்தானுங்க கெடந்துச்சு. நான் உள்ள இருந்தேன், அவ்வளவுதான்."

அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் அதை ஆணியில் மாட்டாமல் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, மனிஷாவுக்குத் தோசை ஊற்றப் போனாள்.