எண்பது இருபது பொட்டலம்

கல்யாண நாளுக்கு டிரில்லிங் மெஷின் வாங்கித் தருகிற புருஷன், மும்பை மாட்டுங்கா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அனந்த் ஒருத்தனாகத்தான் இருப்பான். புடவைப் பெட்டி என்று நினைத்துப் பிரித்த செண்பகவல்லி, உள்ளே துப்பாக்கி மாதிரி படுத்திருந்த பச்சை மெஷினை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவன் கன்னத்தை நன்றாக வலிக்கும்படி கிள்ளினாள். சமையலறைப் பலகைக்காக ஒரு வருஷமாகத் தச்சரை விரட்டிக்கொண்டிருந்தவளுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

அந்த வீட்டில் வேலைப் பிரிவினை அன்றே முடிவாகிவிட்டது. சுவரில் துளை போடுவது அவள், கூட வந்த புத்தகத்தைப் படிப்பது அவன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருப்பவன், பொடி எழுத்து எங்கே இருந்தாலும் விடமாட்டான். டிரில் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடுவான். ஆனால் ஓடுவதற்கு முன், "கண்ணாடி போட்டியா? முடியைக் கட்டினியா? சுவத்துக்குள்ள வயர் போகுதான்னு பாத்தியா?" என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் ஓடுவான். போதாததற்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதியும் வைத்திருந்தான்: 'இதன் சார்ஜர் மட்டும். வேறு எதுவும் கூடாது.'

செண்பகவல்லியும் கவனக்காரிதான். நாலாம் மாடி பிரேமலதா ஆன்ட்டி, அந்தக் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி, தன் வீட்டுத் திரைக்கம்பியை மாட்ட இவளைக் கூப்பிட்டிருந்தாள். தொங்குகிற துப்பட்டாவோடு ஸ்டூலைப் பிடிக்க வந்த ஆன்ட்டியை, "அதைக் கழட்டி வச்சிட்டு வாங்க, இல்லைன்னா வராதீங்க" என்று திருப்பி அனுப்பியவள் அவள்.

அப்படிப்பட்டவள் செய்த தப்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்தது. சார்ஜரை ஆன்ட்டி வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள். ஆன்ட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாண் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அனந்த் வருவதற்குள் பூஜைப் பலகையை மாட்டி அசத்திவிட வேண்டும் என்ற அவசரம். பழைய லேப்டாப்பின் சார்ஜரை எடுத்துப் பார்த்தாள். அதன் செருகுமுனை அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. பொருந்துகிறதே, அப்புறம் என்ன?

ஒரு மணி நேரத்தில் அறையில் நகப்பூச்சு வாசனை வந்தது. ஓடிப் போய் ஸ்விட்சை அணைத்தாள். பேட்டரியின் கூடு ஒரு பக்கம் பூரிபோல உப்பி, இணைப்பு விட்டிருந்தது. தொட்டால் சுட்டது.

அதை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. "கெட்டுப்போனா குப்பையில போட்டுடாதே செண்பா. முனையில டேப் ஒட்டி, தாதர்ல வாங்கின கடையிலேயே கொடுத்தா எடுத்துக்குவாங்க" என்று அனந்த் முதல் வாரமே படித்துச் சொல்லியிருந்தான். ஆனால் தாதருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அவனிடம் சொல்ல வேண்டும். அவன் திட்டமாட்டான். பெட்டியைத் திறந்து, மூடியில் எழுதியிருப்பதை ஒருமுறை மெதுவாகப் படித்துக் காட்டுவான். அந்த ஒருமுறையைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியாது.

சமையல் மேடையில் காலியான காப்பிப்பொடிப் பொட்டலம் கிடந்தது. கடைக்காரர் கையால் '80-20' என்று எழுதிய பொட்டலம். காப்பி எண்பது, சிக்கரி இருபது. சூடு ஆறிய பேட்டரி அதற்குள் அடக்கமாக உட்கார்ந்தது. வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, உலர்ந்த குப்பை வாளியில், பழைய பேப்பருக்கு அடியில் வைத்தாள். வைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அந்தக் கட்டிடத்தின் குப்பையைப் பிரிக்கிறவள் முத்துமாரி. தாராவியிலிருந்து காலை ஏழு மணிக்கு வருவாள். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து உலர்ந்தது, ஈரம் என்று பிரித்து முடித்ததும் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, செண்பகவல்லி வீட்டு வாசலில் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவது வழக்கம். "முப்பது வீட்டுக் குப்பையில ஒங்க வீட்டுக் குப்பைதான்க்கா மணக்கு" என்று ஒருமுறை சொன்னாள். அதைச் சொல்லிச் சொல்லி அனந்த் ஒரு வாரம் சிரித்தான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் செண்பகவல்லி பாலை இறக்க இடுக்கியை எடுத்தபோது படிக்கட்டில் வாட்ச்மேன் "ஆக்! ஆக்!" என்று, தீப்பிடித்துவிட்டதாக இந்தியில் கத்தினார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் முத்துமாரி நின்றிருந்தாள். தோளில் மாட்டியிருந்த துணிப்பையிலிருந்து புகை சீறிக்கொண்டு வந்தது. அவள் பையை உதறுகிறாள், அது முழங்கையில் சிக்கிக்கொண்டு விழமாட்டேன் என்கிறது. வாட்ச்மேன் சிவப்பு வாளியோடு ஏறி வந்து மணலைக் கொட்டினார். படிக்கட்டு முழுக்க நகப்பூச்சு வாசனை.

அந்த வாசனை மூக்கில் ஏறிய நொடியில் செண்பகவல்லிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரோ டாக்ஸி பிடித்தார்கள், யாரோ முத்துமாரியின் இடது கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கீழே இறக்கினார்கள். செண்பகவல்லியின் கையில் இடுக்கி இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடங்கியது.

அன்று ராத்திரி அனந்த் கேட்டான். "முத்துமாரிக்கு என்ன ஆச்சாம்?"

"சயான் ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்களாம்."

"பையில என்ன வச்சிருந்தாளாம்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டவன் சும்மா கேட்டான். பதில் சொன்னவள்தான் தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை பிரேமலதா ஆன்ட்டி ஒரு காகிதத்தோடு வந்தாள். "சார்ஜர் இந்தா, ஸாரி, அன்னைக்கே தரணும்னு நெனச்சேன். அப்புறம் இதுல ஒரு சைன் போடு. முப்பதுல இருபத்தாறு வீடு போட்டாச்சு."

சுத்தம் செய்யும் ஆட்களை அனுப்புகிற காண்டிராக்ட்காரருக்குச் சொசைட்டி எழுதிய கடிதம் அது. துப்புரவுப் பெண் ஆபத்தான பொருளைத் தன் பையில் கட்டிடத்துக்குள் கொண்டுவந்தாள், அவளை மாற்ற வேண்டும் என்று இருந்தது.

"அவளா கொண்டுவந்தா?" என்றாள் செண்பகவல்லி.

"பின்னே? பை அவளோடது. குப்பையைப் பிரிக்கிற நேரத்துல மேல எதுக்கு ஏறினாள்னு முக்காதம் கேட்டா, வாயே திறக்கலையாம். திருட்டுச் சாமானா இருக்கும்னு அவர் சொல்றார்." முக்காதம் என்பது அந்த ஆட்களுக்கு மேஸ்திரி. "சலோ, சீக்கிரம் போடு. இன்னும் மூணு வீடு இருக்கு."

செண்பகவல்லி ஒரு கையில் சார்ஜரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டாள். எப்படிப் போட்டோம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஆன்ட்டி காத்துக்கொண்டு நின்றாள், பேனா திறந்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காப்பிப்பொடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவள், கடையைத் தாண்டி நடந்தாள். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். தாராவித் தொண்ணூறடி ரோட்டில் விசாரித்து, சந்துக்குள் சந்து நுழைந்து முத்துமாரியின் வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று.

"யக்கா! நீங்களா? இந்தச் சந்துக்குள்ள எப்பிடி வந்திய?" முத்துமாரி எழுந்துவிட்டாள். இடது கை முழங்கை வரை வெள்ளைக் கட்டு. "பாத்து வாங்க, நெலை தலையில இடிச்சிரும். கட்டில்ல உக்காருங்க. ஒரு கடுங்காப்பி போடட்டா? ஒத்தக் கையால போடுவேன், ருசி பாதிதான் இருக்கும்."

"ஒண்ணும் வேண்டாம். நீ உக்காரு. வலிக்குதா?"

"ராத்திரிதான் காந்துது. சின்னவ விசிறி விடுதா." சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. "என்னைய மாத்தப் போறாவளாமே, நெசமாக்கா? வேற கட்டடம் குடுப்பேங்கான் முக்காதம். குடுக்க மாட்டான். பேரு கெட்ட ஆள யாரு எடுப்பா?"

செண்பகவல்லி ஆரஞ்சுப் பையின் காதை முறுக்கினாள். "முக்காதம் கேட்டப்போ நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

முத்துமாரி வாசலைப் பார்த்தாள், யாரும் கேட்கிறார்களா என்பதுபோல. "ஒங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. அது ஒங்க பொட்டலந்தான்க்கா. எண்பது இருபதுன்னு எழுதியிருக்கும்லா, அந்தக் கட்டடத்துல ஒங்க வீட்டுல மட்டுந்தானே அது. கையில எடுத்தா நல்ல கனம். அடப்பாவமே, அக்கா புதுப் பொட்டலத்தைத் தவறிப் போட்டுட்டாவளேன்னு பையில எடுத்து வச்சேன். பேப்பரு வண்டி வர்ற வரைக்கும் பை வெயில்ல கெடந்துச்சு. அப்புறம் ஒங்ககிட்ட குடுக்கத்தான் படியேறுனேன்."

"பிரிச்சுப் பாக்கலையா?"

"அடுத்தவுக சாமானை நான் எதுக்குப் பிரிக்கேன்?" சற்று ரோஷமாகவே சொன்னாள். "குப்பையில கெடந்ததைப் பையில வச்சேன்னு சொன்னா திருடிங்காவ. ஒங்க வீட்டுதுன்னு சொன்னா ஒங்களையும் நிக்க வச்சுக் கேள்வி கேப்பாவ. எதுக்குன்னு விட்டுட்டேன். உள்ள காப்பிப்பொடிதானே இருந்துச்சு? அது எப்பிடிக்கா தீப்பிடிக்கும்?"

அந்தக் கேள்வியோடு திரும்பிப் போய்விட முடியும் என்று செண்பகவல்லிக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"காப்பிப்பொடி இல்ல, முத்துமாரி. டிரில்லோட பேட்டரி. தப்பான சார்ஜர் போட்டுக் கெடுத்துட்டேன். வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு பொட்டலத்துல சுத்தி நான்தான் போட்டேன்."

முத்துமாரி கட்டுப் போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். வெளியே யாரோ குடத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"தெரிஞ்சுதான் போட்டியளா?"

"தெரிஞ்சுதான். குப்பையில போடக் கூடாதுன்னு தெரியும். அதைக் கையில எடுக்கிறவ நீதான்னு..." அவள் பையைக் கட்டிலில் வைத்தாள். "அதை நெனைக்கல. அந்தக் கடிதத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஓஹோ." அவ்வளவுதான் வந்தது. வசவு வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். முத்துமாரி எழுந்து, ஒற்றைக் கையால் ஆரஞ்சுப் பையை எடுத்து அவளிடமே நீட்டினாள். "இதைக் கொண்டு போங்க. பிள்ளையளுக்கு ஆரஞ்சு ஆவாது, சளி பிடிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் செண்பகவல்லி டிரில் பெட்டியை எடுத்து அனந்தின் மடியில் வைத்தாள். மூடியைத் தானே திறந்து, அவன் எழுதியதைத் தானே சத்தமாகப் படித்தாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். அனந்த் கடைசிவரை கேட்டான்.

"எனக்குப் பயந்தா செஞ்ச?"

"உங்களுக்கு இல்ல. நீங்க திட்டாம இருப்பீங்கல்ல, அதுக்கு."

அவன் மூடியில் இருந்த தன் எழுத்தை விரலால் தேய்த்தான். அது அழியவில்லை. "என்மேல பாதியைப் போடாதே செண்பா" என்றான். அவன் அவளிடம் சொன்ன வார்த்தைகளிலேயே கடுமையானது அது. சொல்லிவிட்டு எழுந்து சட்டையை மாட்டினான். "வா. முதல்ல நாலாம் மாடி."

பிரேமலதா ஆன்ட்டி கதவைப் பாதி திறந்தபடியே செண்பகவல்லி சொன்னதைக் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் சிவந்தது. "என்னைத் துப்பட்டாவைக் கழட்டச் சொன்னவ நீதானே? கட்டிடம் எரிஞ்சிருந்தா?"

"எரிஞ்சிருக்கும் ஆன்ட்டி. அந்தக் கடிதத்தை அனுப்பிட்டீங்களா?"

"நாளைக்கு."

செண்பகவல்லி இருபத்தேழாவது கையெழுத்தை அடித்துவிட்டு, அதன் கீழேயே தன் பெயரும் வீட்டு எண்ணும் போட்டு நடந்ததை எழுதினாள். முத்துமாரி வராத நாட்களையும் வேலை நாட்களாகவே எண்ணிச் சம்பளம் தர வேண்டும், மருந்துச் செலவு தன்னுடையது என்று முடித்தாள். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னதும் அவளேதான். ஒரு மாதம் அது அங்கே இருந்தது. லிஃப்டுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். டிரில் கேட்டு ஒருவரும் கூப்பிடவில்லை.

கருகிய பேட்டரி வாட்ச்மேனின் மணல் வாளியில்தான் இன்னும் கிடந்தது, தொட யாரும் துணியவில்லை. தாதர் கடைக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு, ஒரு பெயின்ட் டப்பாவில் மணலோடு அதைப் போட்டு இருவரும் எடுத்துப் போனார்கள். ரயிலில் ஏற்றக் கூடாது என்று அனந்த் படித்திருந்தான். அதனால் நடந்தார்கள். அவள் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்ததைப் பார்த்து, எதிரே வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"அஸ்தின்னு நெனச்சிட்டார்" என்றான் அனந்த். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கை அது. சிரிக்க வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது.

முத்துமாரி ஆறு வாரம் கழித்து வந்தாள். இடது உள்ளங்கையில் தோல் வெளிறி இழுத்துக்கொண்டிருந்தது, விரல்கள் முழுசாக மடங்கவில்லை. குப்பையைப் பிரித்து முடித்தவள் மூன்றாம் மாடிக்கு ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. மூன்றாம் நாள் செண்பகவல்லியே டம்ளரோடு படியிறங்கிப் போனாள்.

அந்த நேரம் முத்துமாரியின் கையில் எண்பது இருபது பொட்டலம் ஒன்று இருந்தது, அன்று காலை தீர்ந்த பொட்டலம். செண்பகவல்லியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ரப்பர் பேண்டைக் கழற்றி, வாயை அகலப் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் தூள் உதிர்ந்தது.

"இனிமே பாக்காம எடுக்க மாட்டேன்க்கா" என்றாள்.

"பாத்தே எடு" என்றாள் செண்பகவல்லி.

பொட்டலத்தைப் பேப்பர் குவியலில் போட்டுவிட்டு, வலது கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள் முத்துமாரி. குடிப்பதற்கு முன் அதற்குள்ளும் ஒருமுறை பார்த்தாள்.