முசுறு மரம்

அன்பரசிக்குப் பூச்சி என்றால் ஆகாது. ஆகாது என்பது மரியாதைக்குச் சொல்வது. கம்பளிப்பூச்சியைக் கண்டால் கழுத்து விறைத்துவிடும். சுவர் மூலையில் எட்டுக்கால் பூச்சி ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த அறைப் பக்கமே போகமாட்டாள். செவ்வெறும்பு கையில் ஏறிவிட்டதோ, தொலைந்தது. தட்டிவிட்ட பிறகும் அரை நாளைக்கு உடம்பெல்லாம் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு பயம். "காட்டுல பொறந்துட்டு பூச்சிக்கு அழுவுறியே, ஒன்ன இன்னா டவுன்லயா கட்டிக் குடுக்கறது?" என்று அவள் அம்மாவே திட்டியிருக்கிறாள்.

டவுனில் கொடுக்கவில்லை. நெல்லிவாசலிலிருந்து மலையின் இன்னொரு மூலைக்கு, விஜயராஜுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வந்த முதல் வாரமே கூரையிலிருந்து ஒரு பூரான் அவள் பாயில் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் எழுந்துவிட்டது. விஜயராஜ் செருப்பால் ஒரே அடி அடித்து அதை வெளியே வீசினான். அதன் பிறகு சிரிக்கவில்லை, கேலி செய்யவில்லை. எல்லோரும் சிரிக்கிற ஒன்றுக்கு ஒருவன் சிரிக்காமல் இருந்தானே, அதிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. சின்ன வயதிலிருந்து பட்ட பயத்தையெல்லாம் அவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சில மாதம் கழித்து புளி உலுக்குகிற காலம் வந்தபோது அவனும் தன்னுடையதைச் சொன்னான். சாமைக் கொல்லைக்குக் கீழே சரிவில் அவர்களுக்கு ஒரு பெரிய புளியமரம் இருக்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு மேல ஏறுனா தல சுத்துது அன்பு. கண்ண இருட்டிக்கினு வருது. சின்ன வயசுலருந்து இப்படித்தான். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஆம்பளன்னு மதிப்பாங்களா?"

அவள் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக் காட்டினான். படபடவென்று அடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்த எவனுக்கும் அப்படித்தான் அடிக்கும். அது அவளுக்குத் தோன்றவில்லை. ஓர் ஆம்பிளை தன் பயத்தைத் தன்னிடம் வாய்விட்டுச் சொன்னான் என்பதிலேயே அவள் உருகிப்போனாள்.

அந்த ஊரில் பெண்கள் மரம் ஏறுவதில்லை. பெண் கால் பட்ட மரம் மறுவருஷம் காய்க்காது என்று ஒரு பேச்சு. அன்பரசி ஊர் கண்ணில் படாமல் ஏறினாள். மறுவருஷமும் மரம் காய்த்துத் தள்ளியது. அதற்கடுத்த வருஷமும் காய்த்தது. மரத்துக்கு அந்தப் பேச்சு எட்டவில்லை போலிருக்கிறது.

ஆனால் அந்த மரம் முழுக்க முசுறு. இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டி, கிளை அசைந்தால் படையாக இறங்கி வருமே, அந்தச் செவ்வெறும்புதான். கிளைக்குக் கிளை சிலந்தி வலை வேறு. முகத்தில் ஒட்டும். முதல் தடவை ஏறியபோது பாதியில் அவளுக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. கீழே பார்த்தாள். விஜயராஜ் பாவமாக அண்ணாந்து நின்றான். அவனுடைய பயத்துக்கு முன்னால் நம்முடையது என்ன பெரிது என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். பயம் ஒரு துளி குறையவில்லை. அதை வைத்துக்கொண்டே ஏறக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒரு தடவை அவள் உச்சியில் இருக்கும்போது பக்கத்துக் கொல்லைக்காரர் கோபால்சாமி அந்த வழியாக வந்துவிட்டார். விஜயராஜ் சட்டென்று தொரட்டிக் கோலைக் கையில் எடுத்து, இப்போதுதான் இறங்கியவன் மாதிரி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். அவர் எருமைக்கு வந்த நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இவன் பீடி கொடுத்தான், நெருப்பும் கொடுத்தான். எருமை பிழைத்து, கன்று போட்டு, கன்று பால் குடிக்கிற வரைக்கும் பேச்சு நீண்டது. மேலே அன்பரசி இலைக்குள் ஒடுங்கி, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு இருந்தாள். எறும்புகள் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கைக்குள் போயின. அவள் அசையவில்லை. தன் புருஷனுடைய மானத்தைத் தான் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். "ஒன்ன மாதிரி ஒரு கொம்புகூட ஒடியாம உலுக்க இந்த ஊர்ல ஆளில்ல" என்று கோபால்சாமி சொல்லிவிட்டுப் போனபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன வருஷம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி முழங்கையில் ஓடியது. பிடியை விட்டுவிட்டாள். மணிக்கட்டு உடைந்தது. ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னார்கள். எலும்பு கூடியது, பிடி கூடவில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூட இடது கையால்தான் தூக்குகிறாள்.

இந்த வருஷம் பங்குனி பிறந்தும் மரம் உலுக்கப்படாமல் நின்றது. ஒரு கோடைமழை அடித்தால் பழம் அத்தனையும் பூசணம் பிடித்துவிடும். விஜயராஜோ படவேட்டுப் புளி வியாபாரி இளவழகனுக்கு எடை போடும் ஆளாக, சீசன் முழுக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தான். நெல்லிவாசலில் இருக்கும் அண்ணன் வேடியப்பனைக் கூப்பிட்டு உலுக்குவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறவள். விஜயராஜுக்குக் கால் சுளுக்கு, அதனால்தான் ஏற முடியவில்லை என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு அன்பரசி நேரிலேயே கிளம்பினாள். எந்தக் கால் என்று கேட்டால் வலது கால் என்று சொல்ல வேண்டும் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள்.

ஷேர் ஜீப் பாதி வழியில் பஞ்சராகி நின்றது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவள் ஒற்றையடிப் பாதையில் குறுக்கே நடந்தாள். அதுவரை பார்த்திராத சின்ன ஊர் ஒன்று வந்தது. ஊர் முகப்பில் புளியமரம், அடியில் பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே யாரோ கிளையை மிதித்து உலுக்க, பழம் சடசடவென்று கொட்டியது.

அவளுக்குத் தெரிந்த வேலை அல்லவா, நின்று பார்த்தாள். நல்ல உலுக்கு. "யாரு இந்த ஆளு?" என்று கூடையோடு நின்ற நடுவயதுப் பெண்ணைக் கேட்டாள்.

"எங்க மரத்துக்கு மூணு வருஷமா இவருதாம்மா வர்றாரு," என்றாள் மரத்துக்காரி அம்மாக்கண்ணு. "எடை போட வந்த எடத்துல, நான் ஏறுறேன் வுடுங்கன்னு ஏறுனாரு. கொரங்கு தோத்துடும். பாரேன், கைய வுட்டுட்டு நிக்கறத!"

அன்பரசி பார்த்தாள். உச்சிக் கிளையில் இரண்டு கையையும் விட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டியபடி, அந்தரத்தில் நின்று கீழே இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் விஜயராஜ். போன வாரம் அவள் துவைத்துக் கொடுத்த நீலச் சட்டைதான் போட்டிருந்தான்.

முதலில் அவளுக்கு வந்தது கோபமில்லை, பதற்றம். ஐயோ தலை சுற்றுமே, விழுந்துவிடுவானே என்று மரத்தை நோக்கி இரண்டடி ஓடினாள். அந்த வெட்கக்கேட்டை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ முறை தன்னையே நொந்துகொண்டாள்.

அவளைக் கண்டதும் அவன் இறங்கி வந்தான். ஏணிப்படி இறங்குகிறவன் மாதிரி அவ்வளவு சுலபமாக இறங்கினான். அவளைத் தனியாக வேலி ஓரம் அழைத்துப் போனான்.

"இன்னா அன்பு, இங்க வந்துகீற?"

"தல சுத்தலயா மாமா?"

"இந்த மரத்துல ஒண்ணும் சுத்தல."

"எப்பத்திலருந்து சுத்தல?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, ஏதோ சின்ன விஷயம் மாட்டிக்கொண்ட மாதிரி அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "எனக்கு எப்பவும் சுத்தாது. நம்ம மரத்துல முசுறு கெடக்குதில்ல? கடிச்சா ஒடம்பு பூரா எனக்குத் தடிச்சிக்குது. அத நெனச்சாலே அருவருப்பா கீது. அதான் அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேன். இந்த மரம் சுத்தம். ஒரு எறும்பு இல்ல."

வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். மலையிலும் நடக்கிறது, கீழேயும் நடக்கிறது, அதற்கு அழுகிற விதமும் எல்லோருக்கும் தெரியும். இதற்கு எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பூச்சின்னா எனக்கு எப்படின்னு ஒனக்குத் தெரியாதா? மொத மொதல்ல ஒன்கிட்டதான மாமா சொன்னேன்."

"தெரியும். ஆனா நீதான் பழகிட்டியே," என்றான் விஜயராஜ். மரத்தடியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "நீ வூட்டுக்குப் போ. இந்த மரத்த முடிச்சிட்டு சாயந்தரம் வர்றேன்."

அண்ணன் வீட்டுக்கு அவள் போகவில்லை. போய் எந்தப் பொய்யைச் சொல்வது? வந்த வழியே திரும்பினாள். வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பழகிவிட்டாளாம். கோபால்சாமிக்கு இவன் பீடி நீட்டியதும் நெருப்புக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. மேலே அவளுக்கு என்ன நடக்கிறது என்று அன்றைக்கு அந்த மலையில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். தெரிந்தும் எருமையைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். நெஞ்சு எரிந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் அவள் பக்கத்து வீட்டு அருணாவையும் மற்றப் பெண்களையும் பழம் பொறுக்கக் கூப்பிட்டாள். வழக்கமாக உலுக்கி முடித்த பிறகுதான் கூப்பிடுவாள். இன்றைக்கு முன்னாலேயே கூப்பிட்டாள். கோபால்சாமியும் சாக்கோடு வந்து நின்றார். எல்லோரும் விஜயராஜ் ஏறுவான் என்று அவனைப் பார்த்தார்கள். அவன் தொரட்டியைத் தடவிக்கொண்டு நின்றான். அன்பரசி புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மரத்தில் கால் வைத்தாள்.

"அடியே, இன்னாடி பண்ற!" என்று அருணா கத்தினாள்.

முதல் கிளை வரைக்கும் ஏறிவிட்டாள். அங்கே ஒரு முசுறு, ஒன்றே ஒன்று, அவளுடைய உடைந்த மணிக்கட்டின் மேல் ஏறியது. எப்போதும் செய்வது போல கீழே நிற்கிறவனை நினைத்துப் பார்த்தாள். நினைக்க அங்கே ஒன்றும் இல்லை. அத்தனை வருஷம் பல்லில் கடித்து வைத்திருந்த அலறல் முழுவதும் வெளியே வந்தது. சரிவுக்கு மேலே இருந்த வீடுகளில் நாய்கள் குரைத்தன. சறுக்கிக்கொண்டு இறங்கி, கையையும் கழுத்தையும் போட்டுத் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"பொம்பள நீ எதுக்கும்மா ஏறுற?" என்றார் கோபால்சாமி. "விஜயராஜ் கீறான் இல்ல?"

"அவுரு ஏறமாட்டாருங்க. அவுருக்கு உசரம்னா பயம். கல்யாணம் ஆனதுலருந்து நான்தான் ஏறுறேன். நீங்க அன்னிக்கு எரும கத பேசிக்கினு இருந்தீங்களே, அப்ப மேல இருந்தது நான்தான்."

விஜயராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்யி! எனக்கு இன்னா பயம்? நெல்லிவாசல் பக்கம் போய்க் கேளுங்க, எந்த மரத்துல வேணாலும் கைய வுட்டுட்டு நிப்பேன்!"

"அப்ப ஒன் மரத்துல எதுக்குப்பா ஏறல?" என்றார் கோபால்சாமி.

அவன் அன்பரசியைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். ஏதாவது சொல்லிக் காப்பாற்று என்கிற பார்வை. வயிறு சரியில்லை, கால் சுளுக்கு என்று எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறாள். இப்போதும் நாக்கு நுனியில் ஒரு பொய் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறும்பு," என்றான் விஜயராஜ். சத்தம் வெளியே வரவில்லை.

"இன்னாது?"

"எறும்பு கீதுங்க மரத்துல. கடிச்சா எனக்குத் தடிச்சிக்குது."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்துப் பயந்தானோ என்னவோ, ஒருவரும் சிரிக்கவில்லை. அருணா குனிந்து அன்பரசியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். புதிய கடியைச் சுற்றிப் பழைய கடிகளின் கறுத்த தழும்புகள் முழங்கை வரைக்கும் போயிருந்தன.

"அப்போ இவளக் கடிக்கலாமா?" என்று கேட்டாள் அருணா.