மிளகின் இடது காது

1
இந்தக் கதை ஒரு கேள்விக்குப் பதிலாகத் தொடங்கியது. நாய் வளர்ப்போரின் ஃபேஸ்புக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "காதுல சீழ். மருந்து விட்டா போகுது, திரும்ப வருது. என்ன பண்றது?" நான்கு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2
முதல் தொடக்கம்: அடி அண்ணாமலையின் மேல் முழுநிலவு பாலைப் போல—

(அடித்துவிட்டேன். பௌர்ணமிக்கு இந்தக் கதையில் வேலை உண்டு, அழகுக்காக அல்ல.)

இரண்டாவது தொடக்கம்: மிளகு எங்கள் நாய். முழுக் கறுப்பு. கிரிவலப் பாதையில் எங்கள் இளநீர்க் கடை வாசலில் படுத்திருக்கும். மூன்று மாதமாக இடது காதில் சீழும் புளித்த நாற்றமும். மருந்து விட்டால் போகும். அடுத்த மாதம் வந்து நிற்கும். மூன்றாம் முறை கால்நடை மருத்துவர் கவிநிலா சொன்னார்:

"இன்னொரு தடவ வந்தா அந்தக் காது கேக்காமலே போயிடலாம் சார்."

எங்கள் வாசலில் ஆட்டோவும் வேனும் ஓயாது. ஹார்ன் எந்தப் பக்கம் என்று தெரியாத நாய் அங்கே எத்தனை நாள் இருக்கும்?

3
கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. பௌர்ணமிக்கு வரும் பக்தர்களைப் போட்டேன். பைரவர் வாகனம் என்று மிளகின் நெற்றியில் விபூதி, குங்குமம் பூசி பிஸ்கட் வைப்பார்கள். அந்தப் பொடிதான் காதில் விழுகிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். என் மனைவி அருணாதேவி படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நெத்தியில பூசுனது காதுக்கு எப்படிங்க போவும்? மறுநாள் ஹோஸ் பைப்ப புடிச்சிகினு தலையில தண்ணி அடிச்சது யாரு?"

நான்தான். அந்தக் கோபமும் என் மேல்தான். பூச்சு போகட்டும் என்று ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் தலையோடு குளிப்பாட்டுவேன். காதை மூடியதில்லை, துடைத்ததும் இல்லை. மருத்துவரிடம் போன நாட்களை அவள் காலண்டரில் வட்டமிட்டிருந்தாள். மூன்றுமே பௌர்ணமி முடிந்த அடுத்த வாரம்.

(பக்தர்களே, இந்த அடைப்புக்குறிக்குள் மன்னித்துவிடுங்கள்.)

4
மறுநாளே போய் மருத்துவரிடம் ஒப்புக்கொண்டேன். இங்கே அவர் என்னைத் திட்டுவதாக ஒரு வசனம் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. சீழை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஈரத்தில் பெருகும் கிருமி என்றார். நாற்றம் நின்றாலும் மூன்று வாரம் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. தலையில் தண்ணீர் கூடாது. அப்படியானால் விபூதிக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஈரத்துணியால நெத்திய மட்டும் தொடைங்க. அவ்ளோதான் சார்."

5
முடிவு அ: காது குணமாகிறது.

முடிவு ஆ: வேன் ஹார்ன் அடித்தது. மிளகு—

(இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். நேற்று பௌர்ணமி முடிந்தது. இன்று காலை மூன்று பட்டை விபூதியோடு படுத்திருந்த மிளகை ஈரத்துணியால் துடைத்தேன். இடது காதைத் தொட்டாலே கடிக்க வந்த நாய், அந்தக் காதை என் உள்ளங்கையில் சாய்த்தது. முகர்ந்தேன். வெறும் நாய் வாசனை.

அருணா அதன் இடப்பக்கம், பார்வையில் படாமல் நின்று, பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். மிளகு சட்டென்று திரும்பியது.

சத்தத்துக்கா, வாசனைக்கா?

அந்தக் காது கேட்கிறதா என்று நாளை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அதுவரை நான் எழுதப் போவதில்லை. அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் சரி, மிளகைக் குளிப்பாட்ட மட்டும் வேண்டாம்.