கடலோடு போனவரின் சம்மதம்

இறால் பிடிக்கப் போய்க் கடலோடு போய்ச் செத்த மென்னோ ஹார்ம்ஸ், ஒவ்வொரு அக்டோபரிலும் கடல் வெகுதூரம் உள்வாங்கும் நாளில் சேற்றில் நடந்து வந்து, தன் வீட்டுச் சமையலறையில் தேநீர் குடித்துவிட்டுப் போனார். எங்கள் தீவில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. தரையெல்லாம் சேறாகிறதே என்பதுதான் ஒரே குறை. படகுத்துறையில் வேலை பார்த்த ஃபோக்கோ ஐல்ட்ஸை மென்னோவின் மனைவி மறுமணம் செய்த பிறகும் வரவு நிற்கவில்லை. ஃபோக்கோதான் கோப்பையை நிரப்புவார். போதும் என்பவர் கோப்பைக்குள் கரண்டியை வைப்பது இங்கே வழக்கம்; அதுவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மென்னோ வைத்ததே இல்லை. கடல் திரும்பும்வரை, வாய் பேசாமல், மகள் கெஸ்கேயைப் பார்த்தபடி குடிப்பார்.

அம்மா இறந்த பிறகும் கெஸ்கே ஃபோக்கோவுடனே இருந்தாள். அவளுக்கு நாற்பது தாண்டியபோது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கடலுக்கு அக்கரையிலிருந்த மருத்துவமனையில் நீங்கள் யார் என்றார்கள். மகள் மாதிரி என்றாள். மாதிரிக்கெல்லாம் விவரம் சொல்ல முடியாதென்று வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். என்ன கொடுமை! பிழைத்து வந்த ஃபோக்கோ அவளைச் சட்டப்படி தத்தெடுக்கப் போவதாகச் சொன்னார். பல் போன வயதில் பிள்ளை பெறுகிறான் என்று ஊர் சிரித்தது. கெஸ்கேக்கு ஆசைதான். ஆனால் குடும்பப் பெயர் மாறிவிடும். மாறினால் அப்பா யாரைத் தேடி வருவார்? சட்டம் கேட்காவிட்டாலும் பெற்றவரைக் கேட்பதுதான் முறை என்று ஃபோக்கோ அக்டோபர்வரை காத்திருந்தார்.

"மென்னோ, உன் பொண்ண எனக்கும் பொண்ணா எழுதிக்கவா?"

மென்னோ கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார். கடல் திரும்ப நேரம் இருந்தும் எழுந்து போய்விட்டார்.

அது சம்மதம் என்றது ஊர். இனி வரமாட்டேன் என்கிறார் என்று அழுதாள் கெஸ்கே.

"வேணாம் ஃபோக்கோ. இருக்கிற ஒரு அப்பாவையும் தொலைச்சுட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அப்படியானால் நான் யார் என்று அந்த மனுஷன் கேட்கவில்லை. திரும்பி நின்று கோப்பைகளைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார். அந்த முதுகைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாளே தத்தெடுப்பு மனுவில் கையெழுத்துப் போட்டாள். வளர்த்து முடித்த பிறகு இதனால் என்ன லாபம் என்று நீதிமன்றத்தில் நீதிபதியம்மா கேட்டார்.

"அடுத்த தடவ இவருக்கு முடியாம போனா, நான் வெளிய உக்கார மாட்டேன்."

வளர்ந்தவரைத் தத்தெடுத்தால் பெற்றவர் உறவு அறுந்துபோகாது என்று நீதிபதி விளக்கினார். சட்டத்துக்குத் தெரியும், சேற்றில் நடப்பவருக்குத் தெரியுமா என்ற பயம் கெஸ்கேயை விடவில்லை.

அடுத்த அக்டோபரில் கடல் உள்வாங்கியது. மத்தியானம் கழிந்தது, யாரும் வரவில்லை. ஃபோக்கோ தேநீரைச் சூடாக வைத்துக்கொண்டே இருந்தார். கெஸ்கே ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் திரும்பத் தொடங்கிய வேளையில் வாசலில் ஈரப் பூட்ஸ் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் தட்டாமல் நுழைந்தவர் கதவைத் தட்டினார். செத்த பிறகு முதல்முறையாகப் பேசினார்.

"கெஸ்கே ஐல்ட்ஸ் வீட்ல இருக்காங்களா?"

"இருக்கேன்ப்பா" என்றாள். வாசலில் நின்றவரும் அடுப்பருகே நின்றவரும் சேர்ந்தே "சரிம்மா" என்றார்கள். நேரமாகிவிட்டதால் அந்த வருடம் ஆளுக்கு ஒரு கோப்பைதான் குடிக்க முடிந்தது.