சிறகை இழுத்த வாத்து

காலை ஏழு மணிச் செய்தி முடிந்ததும் முத்தஷர் ரேடியோவை அணைத்துவிட்டு அரிவாளை எடுத்தான். படகில் பாதிக்குப் பச்சை நாணல் சேர்ந்திருந்தது. எருமைகளுக்கு இன்னும் அவ்வளவு வேண்டும்.

அப்போதுதான் வாத்து விழுந்தது.

நாணல் திட்டின் ஓரத்திலிருந்து தண்ணீரில் விழுந்து, ஒரு சிறகை இழுத்துக்கொண்டு, மறு சிறகால் அடித்தடித்துக் கத்தியது.

"பாவம்மா, அடிபட்டிருக்கு," என்றாள் பனீன். அவளுக்கு எட்டு வயது.

"அடியுமில்ல ஒண்ணுமில்ல, நடிப்பு," என்றான் முத்தஷர். "பக்கத்துல குஞ்சு இருக்கு."

ஈராக்கின் ஹம்மார் சதுப்பு ஏரியில் இது தெரியாதவர்கள் இல்லை. வாத்து நொண்டிக்கொண்டே நம்மை இழுத்துப் போகப் பார்க்கும். நாம் அதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனால் குஞ்சுகள் கிடைக்கும்.

"அப்பா வாத்து எங்க?"

"அது எப்பவோ கம்பி நீட்டியிருக்கும்," என்றாள் படகின் மறுமுனையில் இருந்த அம்மா ஹஸ்னா. "உங்கப்பா மாதிரி."

"நான் எங்கடி ஓடினேன்? பஸ்ராவுக்கு மூட்டை தூக்கப் போனேன்."

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமும் மூட்டை இருந்துச்சே."

பனீன் சிரித்தாள். ஹஸ்னாவும் சிரித்துவிட்டாள். வீட்டில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. அதற்கடியில் விட்டால் வாத்துக் குஞ்சுகள் வளர்ந்துவிடும்.

"நீ போம்மா," என்றான் முத்தஷர் மகளிடம். "நான் கால வச்சா உள்ள போயிடும்."

திட்டின் ஓரம் மிதக்கும் வேர்ப்படலம். குழந்தையைத் தாங்கும், பெரியவர்களைத் தாங்காது. பத்துப் பன்னிரண்டு அடி தாண்டினால்தான் கெட்டியான மண். பனீன் பாவாடையை முடிந்துகொண்டு இறங்கினாள். படலம் ஆடியது. நாணல் அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

"ஒண்ணும் காணோம்ப்பா!"

"இன்னும் உள்ள போ!"

ஹஸ்னா வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது படகை விட்டு விலகிப் போகவில்லை, படகை நோக்கி வந்தது. பலகையில் முட்டியது. கையை நீட்டினால் பிடித்துவிடலாம். அது அவளைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பி நாணலைப் பார்த்தது. பிறகு திட்டின் ஓரத்துக்கு நீந்திப் போய், மறுபடி சிறகைச் சாய்த்து, முதலிலிருந்து தொடங்கியது.

ஹஸ்னா கணவன் பக்கம் திரும்பினாள்.

"பனீன் அப்பா."

"ம்?"

"இது நமக்கு நடிக்கல."

"பின்ன யாருக்கு? உங்கம்மாவுக்கா?"

"உள்ள எதுவோ இருக்கு. அதுக்கு நடிக்குது."

அவன் வாத்தைப் பார்த்தான். வாத்து பார்த்த பக்கம் பார்த்தான். உள்ளே ஒரு தண்டு முறிந்தது. குழந்தையின் எடைக்கு அப்படி முறியாது. பிறகு தாழ்வாக ஓர் உறுமல்.

போன மாதம் இதே மாதிரி நாணலுக்குள் பக்கத்து வீட்டு ஜப்பாரின் தொடையைக் காட்டுப்பன்றி கிழித்தது. கரைக்குக் கொண்டுவருவதற்குள் அவன் உடம்பில் ரத்தம் இல்லை.

முத்தஷர் அரிவாளோடு குதித்தான். படலம் கிழிந்து மார்பு வரை இறங்கினான். கையை ஊன்றிய இடமெல்லாம் அமுங்கியது. ஹஸ்னா மகளைக் கூப்பிட வாய் திறந்தாள்.

"கத்தாத," என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ கத்தினா அவளும் கத்துவா. குரல் கேட்ட பக்கம் அது பாயும்."

அவள் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்து அழுத்தினாள். அல்லாஹ், அவள் பேசாமல் இருக்கட்டும். குஞ்சு கிடைக்காமல் இருக்கட்டும்.

"அம்மா!" உள்ளேயிருந்து குரல் துள்ளியது. "கிடைச்சிருச்சு! ஆறு இருக்கு!"

உறுமல் நின்றது.

ஹஸ்னா படகு தள்ளும் கழியை எடுத்துப் படகின் விளிம்பில் அடித்தாள். அலறினாள். ரேடியோவைத் தூக்கி நாணலுக்குள் எறிந்தாள். இங்கே வா, நாயே, இங்கே நான் இருக்கிறேன். படகு ஆடித் தண்ணீர் உள்ளே வந்தது. அவள் நிறுத்தவில்லை. கழி இரண்டாக உடையும் வரை அடித்தாள்.

பிறகு சத்தமில்லை. மூச்சு வாங்க நின்றாள்.

வெகு உள்ளே நாணல் நுனிகள் அசைந்தன. அசைவு நின்றது. மறுபடி தொடங்கி, நேராகப் படகை நோக்கி வந்தது. வேகமாக வந்தது. குழந்தை ஓடினாலும் நுனிகள் அப்படித்தான் ஆடும். பன்றி ஓடினாலும் அப்படித்தான்.

வாத்து சிறகடிப்பதை நிறுத்திவிட்டு அங்கேயே பார்த்தது.

வழியில் மார்பளவு சேற்றில் நின்ற முத்தஷர் இரண்டு கைகளாலும் அரிவாளை ஓங்கினான்.

"பொறு," என்றாள் ஹஸ்னா. "பொறுய்யா, வெட்டிராத."

நாணல் பத்தடிக்கு அப்பால் பிளந்துகொண்டிருந்தது.

"பனீன், நீதானாம்மா? ஒரு வார்த்தை சொல்லும்மா!"