மனசுக்குள் சொன்ன பெயர்

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இருந்த மல்லாட்டை மில் பெண்களைப் பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். கடலை ஓட்டை உடைத்துப் பருப்பைப் பிரிக்கிற மிஷின் பக்கத்தில் நாளெல்லாம் நின்று கத்திக் கத்தி, அவர்களுக்குத் தங்கள் குரலின் அளவே மறந்து போயிருந்தது. ஒருத்தி இன்னொருத்தி காதில் ரகசியம் சொன்னால் கண்டக்டர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவர்களிலும் அதிகச் சத்தம் கெங்கம்மாளுடையது. மிஷின் வாயில் காயைக் கொட்டுகிறவள் அவள்தான். பதினாறு வருஷமாக அதே இடம். பாதிக் காது எப்போதோ போய்விட்டது.

காது போனதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த இரைச்சலில் நின்றால் எதையும் நினைக்க முடியாது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மகள் அம்சவள்ளி, லாரி ஓட்டுகிற வேற்று சாதிப் பையனோடு போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. எந்த ஊர், உயிரோடு இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. மகள் ஓடிப்போன அந்த வாரமே புருஷன் சின்னதுரை கெங்கம்மாளைப் பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு இழுத்துப் போய், எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தான். அந்தப் பெயர் இனி அவள் நாக்கில் வரக் கூடாது. வந்தால் மிச்சமிருக்கிற மகன் சீனுவாசனுக்கு ஆகாது. உள்ளங்கைக் கொப்புளம் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. நாக்கு தவறிவிடுமோ என்று, மனசில்கூட அந்தப் பெயரை அவள் அண்டவிடவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் முதலாளி வேங்கடேசன் பாண்டிச்சேரியில் ஏதோ தியான வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். வந்த கையோடு, சாப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் மிஷினை ஓட்டாமல் எல்லோரையும் சாக்கு விரித்து உட்காரச் சொன்னார். அந்தக் கால் மணியைச் சாப்பாட்டு நேரத்திலிருந்தே வெட்டி எடுத்தார் என்பது வேறு விஷயம். ஞானம் வந்தாலும் முதலாளி முதலாளிதான்.

"புடிச்ச வார்த்த எதுனா ஒண்ண நெனச்சுக்கோங்க. மூச்சு உள்ள போவசொல்ல ஒருவாட்டி, வெளிய வரசொல்ல ஒருவாட்டி, மனசுக்குள்ளயே சொல்லணும். சாமி பேரா இருந்தாலும் சரி, புள்ள பேரா இருந்தாலும் சரி."

கெங்கம்மாள் முதல் இரண்டு நாள் முருகனை அழைத்துப் பார்த்தாள். அவன் வரவில்லை. மூன்றாம் நாள் கூப்பிடாமலேயே அம்சவள்ளி வந்து நின்றாள். பதறிக் கண்ணைத் திறந்தாள். பிறகு யோசித்தாள். சத்தியம் நாக்குக்குத்தானே? மனசுக்கு யார் கற்பூரம் அணைத்தார்கள்? கண்ணை மூடினாள். மூச்சு உள்ளே போனது, அம்சவள்ளி. வெளியே வந்தது, அம்சவள்ளி. இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரத்தை யாரோ ஒரு கை பிடித்து இறக்கி வைத்ததுபோல இருந்தது.

அந்தக் கால் மணிக்காகவே அவள் மில்லுக்கு வந்தாள். எரிந்து விழுவது நின்றது. மற்றவர்களுக்கும் சண்டை குறைந்தது, உடைந்த பருப்பும் குறைந்தது. வருகிற வியாபாரிகளிடமெல்லாம் முதலாளி, "எங்க கெங்கம்மாவப் பாருங்க, சிலையாட்டம் ஒக்காந்துகினு இருக்கும்" என்று பெருமை அடித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார் முனியம்மாள்கூட, "அண்ணி மூஞ்சிக்கு இப்பதான் களை வந்துகீது" என்றாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள். அவ்வளவு ஆழமாக அவள் அதற்கு முன் போனதில்லை. அம்சவள்ளி சின்னப் பிள்ளையாக, ஈரத் தலையோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். கெங்கம்மாள் மனசுக்குள் அவளைக் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்ணைத் திறந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள்கூடத் திரும்பி நின்றார்கள். முதலாளி கண்ணைத் திறக்காமலே புன்னகை செய்தார்.

"மனசுக்குள்ள, கெங்கம்மா. மனசுக்குள்ள."

அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. முனியம்மாளின் வெளுத்த முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"முனிமா, நான் வாயத் தொறக்கலடி. மனசுலதான் சொன்னேன்."

"ரோடு வரிக்கும் கேட்டுச்சு அண்ணி," என்றாள் முனியம்மாள். அழுதுவிடுபவள்போல இருந்தாள். "கற்பூரம் அணச்சியே. நம்ம சீனு ஒத்தப் புள்ளயாச்சே."

முனியம்மாள் கெட்டவள் இல்லை. பயந்தவள். சாயங்காலம் நேராக அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். சின்னதுரை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை.

"நாளைலருந்து மில்லுக்குப் போவ வேணாம். இன்னொரு வாட்டி அந்தப் பேரு காதுல வுழுந்துச்சு, நீயும் அவ போன வழியிலயே போய்டு."

எந்த வழி என்று தெரிந்திருந்தால் அவள் அன்றைக்கே போயிருப்பாள்.

மறுவாரம் முதலாளி ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தார். இவ்வளவு பக்குவம் வந்த ஆள் அந்த மில்லிலேயே வேறு யாரும் இல்லை, அனுப்பி வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். சின்னதுரை அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டான். போகும்போது அவர் கெங்கம்மாளிடம், "வூட்லயே பண்ணும்மா, வுட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான். அவருக்கு என்ன தெரியும்?

இப்போது கெங்கம்மாள் தனியாகக் கொல்லைக்காட்டில் களை எடுக்கிறாள். ஒரு மத்தியானம், சுற்றிலும் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வரப்பில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மூச்சு உள்ளே போனது. பெயர் நெஞ்சு வரை வந்தது.

தூரத்தில் மாடு ஓட்டிக்கொண்டு போனவன் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் குரல் கேட்டுத்தான் பார்த்தானா, சும்மா பார்த்தானா? தான் நினைத்தாளா, கத்தினாளா? அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல அவளுடைய காதால் முடியாது. சீனுவாசன் முகம் கண்முன் வந்தது.

எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து மகளை நினைப்பதையும் விட்டுவிட்டாள்.