பாமா வைத்த குங்குமம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்த அன்று காலையில் பட்டான்செரு தொழிற்பேட்டை முழுக்கப் பனிக்குள் கிடந்தது. கிரேனில் கட்டியிருந்த சாமந்திச் சரம் வாடியும் வாடாமலும் ஆடியது. கொக்கியில் தொங்கிய பெரிய இரும்பு உருளை, தன் எடையையே மறந்துவிட்டதுபோல் மிதந்து வந்து லாரிக்கு மேல் நின்றது. கீழே அண்ணாந்து நின்ற வரதராஜனுக்குத் தூக்கம் இன்னும் பாதி கலையவில்லை. லீவு முடிந்து வந்தவனுக்கு எந்தப் பாரமும் பாரமாகத் தெரியாது.

சரக்கை ஏற்றிக் கட்டுவது அவன் பொறுப்பு. லாரியை ஓட்டப்போகிறவன் லட்சுமணன், வரதராஜனின் தங்கை பாமாவின் கணவன். லாரி போகும் பம்பாய் வழியில் மலை இறக்கம் உண்டு. உருளை குறுக்காகக் கிடக்கும். அதற்கு நேர் முன்னால் லட்சுமணனின் முதுகு. வழிக் குலுக்கலில் சங்கிலி தளர்ந்தால், உருளைக்கு முன்னால் அடித்த ஆப்புக்கட்டைகள்தான் அவன் உயிரைக் காக்க வேண்டும்.

பூஜையன்று குடும்பங்களை உள்ளே விடுவார்கள். வயிற்றுப்பிள்ளையோடு வந்த பாமா, கிடங்கிலிருந்த கட்டைகள் அத்தனையையும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவி, நல்லெண்ணெய் தடவி, குங்குமம் வைத்தாள். "இதுங்கதானே அண்ணா அவரைக் காப்பாத்துது?" என்றாள். வரதராஜன் உருகிப்போனான். எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கை என்று வந்துவிட்டால் அவன் மூளையும் லீவு எடுத்துக்கொள்ளும்.

உருளை இறங்கியது. கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்தான். இறுகுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, சோப்புக்கட்டிபோல வழுக்கி வெளியே வந்தது. மறுபடி அடித்தான், மறுபடி வந்தது. பனிக்குள் ஒரு மலை இறக்கத்தையும், உருளை சத்தமில்லாமல் முன்னால் நகர்வதையும் விழித்த கண்ணோடே கண்டான். தூக்கம் பறந்துவிட்டது.

உளி எடுத்து வந்தான். எண்ணெய் குடித்த மேல்பரப்பைச் செதுக்கித்தான் ஆக வேண்டும். செதுக்கினால் குங்குமமும் போய்விடும். புருஷனுக்காக ஒருத்தி வைத்த குங்குமத்தைக் கூடப்பிறந்தவனே அழிப்பதா? பொட்டை மட்டும் விட்டுவிட வழியுண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். உருளையைத் தாங்கும் முகத்திலேயே பார்த்து வைத்திருந்தாள், மகராசி.

லட்சுமணன் பக்கத்தில் வந்து நின்றான். வரதராஜன் விஷயத்தைச் சொல்லி, பாமா முகத்தில் எப்படி விழிப்பது என்றும் கேட்டான். லட்சுமணன் கட்டையைத் தடவிப் பார்த்தான். விரல் சிவந்தது.

"யோசனை நக்கோ மச்சான், யோசிக்காம செதுக்குங்க," என்றான். "கட்டையில இருக்கறது போனாப் போவுது. அவ நெத்தியில இருக்கறது நிக்கணும்ல?"

வரதராஜன் உளியை வைத்தான். கண் மங்கினாலும் கை தவறவில்லை. செதுக்கிய கட்டைகள் ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டு நின்றன. லட்சுமணன் குனிந்து, சிவப்புச் சிராய் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான்.